மாமாவின் தன்பதிவேட்டை நான் எழுதினேன்

1966ஆம் ஆண்டு ஜூலை 15, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றிலிருந்து எட்டு வாளி இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். சைக்கிளின் பின் சக்கரத்துக்குக் காற்றடித்தேன். ஒன்பதரை மணிக்கு, கடலூர் முதுநகரில் இருந்த எங்கள் அலுவலகத்தை அடைந்து, மேசையைத் துடைத்து, மைக்கூட்டை நிரப்பி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வானம் மூட்டமாக இருந்தது. மழை இல்லை.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அன்றாடம் நடப்பதை அன்றன்றே எழுதிவைப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குள்ள பழக்கம். மத்தியானம் என்ன குழம்பு என்பதுவரை எழுதுவேன். என் மனைவி இதைச் சொல்லி ஊரெல்லாம் சிரித்திருக்கிறாள். அந்தப் பழக்கம் ஒரு குடும்பத்துக்கு உதவும் என்று அன்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பத்து மணிக்கு மாமா வந்தார். மாமா என்றால் உறவு எதுவும் இல்லை. பக்கத்து மேசைக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். சிதம்பரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் மாமா என்றேன். அது அப்படியே நிலைத்துவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் அவருடைய கையெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு. வரிகள் கோடு போட்டதுபோல் நேராகப் போகும். ழகரத்தின் வாலை மட்டும் குடையின் பிடியைப்போல் ஒரு வளை வளைத்து விடுவார். மேலதிகாரிகள் பார்வைக்கு வந்தால் முதலில் அவர் எழுதிய பதிவேட்டைத்தான் எடுத்து நீட்டுவோம்.

1965 அக்டோபரில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளரில் தெரிந்தது. பிறகு பேனாவில் தெரிந்தது. சிதம்பரத்தில் ஒரு வைத்தியரிடம் காட்டினார். மருந்து சாப்பிட்டால் சரியாகும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். அதுவரை வேலை நிற்கக் கூடாதே என்று அவருடைய தன்பதிவேட்டை நான் எழுதத் தொடங்கினேன்.

தன்பதிவேடு என்பது ஒவ்வொரு குமாஸ்தாவும் தனக்கு வரும் தாள்களையும், அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையையும் நாள்தோறும் பதிகிற புத்தகம். அதை அவரவர் கையால் எழுத வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், மற்றவர்கள் வெளியே போனதும், மாமா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்திலேயே எழுதினேன். ஒரு மாதத்தில் அந்தக் குடைப்பிடி ழகரம் எனக்குக் கைவந்துவிட்டது. அவருக்காகத்தான் செய்தேன். ஆனால், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்பது மாதம் போயிற்று. நடுக்கம் குறையவில்லை. இது நரம்புக் கோளாறு, இனி பழைய கை திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்துநான்கு வருட சர்வீஸ். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். நோயினால் வேலை செய்ய முடியாமல் போனவருக்கு வயதாகும் முன்பே ஓய்வு கொடுத்துப் பென்ஷன் தரும் விதி ஒன்று உண்டு. அலுவலகத்தில் அதை இன்வேலிட் பென்ஷன் என்போம். மேலதிகாரி விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். டாக்டர்கள் குழு பரிசோதித்து, இனி இவரால் இயலாது என்று சான்று தர வேண்டும். அந்த விண்ணப்பத்தை நான்தான் விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் யோசித்த நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி மாமாவைக் கூப்பிட்டார். சித்திரையில்தான் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவர், கண்டிப்பானவர். கையெழுத்துக்கு வேறு தாள்களை எடுத்துக்கொண்டு நானும் உள்ளே நின்றிருந்தேன். மேசையில் ஒரு பக்கம் விண்ணப்பம், மறுபக்கம் தன்பதிவேடு.

“இது யார் கையெழுத்து?”

“என்னுதுதாங்க சார்.”

“இந்தச் செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கீங்க. கை நடுங்குறவர் எழுதுன மாதிரியா இருக்கு? இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு எழுத்தை நான் பாத்ததில்ல.”

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார்.

“சில நாளைக்குக் கொஞ்சம் நல்லா இருக்குங்க சார்.”

“உங்க மச்சினருக்குச் சிதம்பரத்துல சைக்கிள் கடை இருக்குதாமே? அதுல போய் உக்காரலாம்னு இருக்கீங்களா? இதை நான் டாக்டர்களுக்கு அனுப்ப முடியாது. வேலை பாக்க இஷ்டம் இல்லன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் தாள்களில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாமா தன் இடத்தில் உட்கார்ந்து டிபன் தூக்கைத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். “நீ உன் வேலையைப் பாரு மச்சான்” என்றார். ஐந்தேகால் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

ராஜினாமா என்பது லேசான விஷயமில்லை. தானாக வேலையை விட்டவருக்கு அதுவரை பார்த்த சர்வீஸ் அத்தனையும் போய்விடும். பென்ஷன் இல்லை. இருபத்துநான்கு வருடம் ஒரு தாளில் அழிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து ஆறு மணிக்கு நாட்குறிப்பைத் திறந்தேன். அன்றைய தேதியைப் போட்டு, “மாமாவின் த.ப. பக்கம் 87, 88 எழுதினேன். வெண்டைக்காய்க் குழம்பு” என்று எழுதிவிட்டு, எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். நேற்றும் அதே வரி. முந்தாநாளும் அதே வரி. போன வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். அக்டோபர்வரை போயிற்று. எந்தப் பக்கத்தை என்றைக்கு எழுதினேன் என்று ஒன்றுவிடாமல் இருந்தது. இரண்டு நாட்குறிப்புகளையும் பையில் போட்டுக்கொண்டு, மனைவியிடம் சொல்லிவிட்டு, சிதம்பரம் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா கூடத்தில் மடியில் பலகையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். சுற்றிலும் கசங்கிய காகிதங்கள் கிடந்தன.

“வாங்க தம்பி” என்றார் அவருடைய மனைவி. அவரை நான் அக்கா என்பேன். “வந்ததுலேருந்து நாலு காயிதத்த வீணாக்கிட்டாரு. கடைக்கு லிஸ்ட்டு எழுதச் சொன்னா மட்டும் கை வரலம்பாரு.”

“என்னா மாமா எழுதுறீங்க?”

“ராஜினாமா. இதையும் நீயே எழுதிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? அதான் நானே எழுதுறேன்” என்று சிரித்தார்.

“எழுதாதீங்க. நாளைக்கு நான் அதிகாரிகிட்ட சொல்லிடப் போறேன்.”

“என்னான்னு?”

“ஒம்போது மாசமா நான்தான் எழுதுனேன்னு.”

சிரிப்பு போய்விட்டது. “உனக்கு என்னா, புத்தி கெட்டுப்போச்சா? சும்மா விடுவாங்களா? மெமோ குடுப்பாங்க. வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரும். உனக்கு இன்னும் பதினாலு வருஷம் இருக்கு மச்சான். எனக்குத்தான் முடிஞ்சுபோச்சே.”

“அதுக்காக இருபத்திநாலு வருஷத்தத் தூக்கிப் போட்டுடுவீங்களா?”

அக்கா கையில் கரண்டியோடு நின்றிருந்தார். “தூக்கிப் போடுறதுன்னா? அதான் பென்ஷன் வருமே?”

மாமா கசங்கிய காகிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“ராஜினாமா குடுத்தா பென்ஷன் வராதா தம்பி?”

“வராதுக்கா.”

அக்கா மாமாவைப் பார்த்தார். “இத எங்கிட்ட சொல்லலியே நீங்க.”

அக்கா சத்தம் போடவில்லை. குனிந்து அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடியைத் திருகி, சமையலறைக்குள் கொண்டுபோய் அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வந்தார்.

“தம்பி, கையால எழுதுனது நீங்கதான? வாயாலயும் நீங்களே சொல்லிடுங்க. அவுங்க என்னா தண்டனை குடுத்தாலும் நான் உங்க வீட்டுக்கு வந்து உங்க பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குறேன்.”

அன்று அங்கேயே தங்கினேன். தோசையும் மிளகாய்ப் பொடியும். மாமா என்னோடு பேசவே இல்லை. ஆனால் தன் தலையணையை எனக்குக் கொடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ரயிலில் இருவரும் வந்தோம். அதிகாரி அறையில் இரண்டு நாட்குறிப்புகளையும், மாமா பாதி எழுதியிருந்த ராஜினாமாத் தாளையும் வைத்து, நடந்ததைச் சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் பாதியில் மறந்துபோயின.

அதிகாரி நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டே போனார். “தெனமும் என்ன குழம்புன்னு கூடவா எழுதுவீங்க?” என்றார். பிறகு வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அது எனக்குத் தோன்றாத யோசனை. தினமும் காலையில் மாமா தானே போட்ட சுருக்கொப்பம் அதில் இருந்தது. அதில் மட்டும் நான் கை வைத்ததில்லை. போன வருடம் செப்டம்பரில் அழகாக இருந்த அந்த இரண்டு எழுத்து, மாதாமாதம் உடைந்து, இந்த ஜூலையில் எறும்பு மையில் நடந்துபோன தடம்போல் ஆகியிருந்தது. அதிகாரி ஒவ்வொரு மாதமாக விரலை வைத்துப் பார்த்தார்.

பிறகு ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, ஒரே வரியை எழுதச் சொன்னார். மாமா எழுதியது தாளைத் தாண்டி மேசை விரிப்பில் போய் முடிந்தது. நான் மாமாவின் எழுத்தில் எழுதியதைத் தன்பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் சேந்து பொய் சொல்லியிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.”

“நேத்து நான் கொஞ்சம் ஜாஸ்தியா பேசிட்டேன்” என்று மாமாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு மெமோ உண்டு. இவரோட விண்ணப்பம் திங்கக்கிழமை போகும்.”

சொன்னபடி இரண்டும் நடந்தன. என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. அது நியாயமான கண்டனம் என்றே இன்றும் நினைக்கிறேன். மாமாவை டாக்டர்கள் சட்டைப் பொத்தான் போடச் சொன்னார்களாம், தண்ணீர் குடிக்கச் சொன்னார்களாம், பெயரை எழுதச் சொன்னார்களாம். சான்றுத் தாளில் இரண்டு வாக்கியங்கள் அச்சாகியிருக்கும். எந்த வேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியில்லை என்பது ஒன்று, எளிதான வேறு வேலைக்குத் தகுதி உண்டு என்பது இன்னொன்று. இரண்டாவதை அடித்துவிட்டார்கள். இப்படி ஒரு வரியை அடித்ததற்காகச் சந்தோஷப்பட்டோமே என்று அக்கா பின்னால் சொன்னார். பென்ஷன் கிடைத்தது. பெண்கள் இருவரும் தொடர்ந்து படித்தார்கள்.

செப்டம்பர் 30 மாமாவின் கடைசி நாள். அன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பின்னால் வரிசையில் நின்ற யாரும் அவசரப்படவில்லை. சாயங்காலம் மாலை, வடை, டீ. ரயில்வரை கூடவே போனேன். “வெண்டைக்காய்க் குழம்ப எழுத மறந்துடாத மச்சான்” என்று ஜன்னலிலிருந்து சொன்னார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் மைக்கூட்டை நிரப்பினேன். மாமாவின் பிரிவையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள். முதல் வேலையாக அவருடைய தன்பதிவேட்டைத் திறந்து, கடைசிப் பதிவின் கீழே ஒரு கோடு போட்டு, என் பெயரை என் எழுத்தில் எழுதினேன். அன்று வந்த முதல் தாள் யாரோ ஒருவர் சம்பளச் சான்றிதழ் கேட்டு எழுதியது. அதைப் பதிந்துவிட்டுப் பார்த்தால், ‘சான்றிதழ்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து குடைப்பிடிபோல் வளைந்திருந்தது. அடித்து எழுதத் தோன்றவில்லை. இப்போதும் என் ழகரம் அப்படித்தான் விழுகிறது. ஒருவருக்கு உதவுவதென்றால் அவருடைய குறையை மறைப்பது மட்டுமில்லை, வேண்டிய நேரத்தில் அதை நாலு பேர் அறியச் சொல்வதும்தான் என்று அது ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகப்படுத்துகிறது.