சந்தனப் பொட்டுக்கு அடியில் ஒரு துளை

“பஸ்ல ராசபாளையம் போறதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி எடுப்பா, இவ பிளேன் ஓட்டப் போறாளாக்கும்!”

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து மாமா சொன்னது. மில் லாரி ஓட்டுகிறவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா இன்னும் கைநாட்டுதான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். பழக்கம் என்பதால் மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

விமானப் பயிற்சிப் பள்ளியிலும் சிரித்தார்கள். ஏறுவதற்கு முன் விமானியின் கதவில் தொடங்கி, ஒரே திசையில் விமானத்தைச் சுற்றி வருவேன். எரிபொருளைக் கொஞ்சம் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே முள் காட்டுவதை நம்பாமல் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளப்பேன். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மறுபடி கதவிலிருந்துதான். எவ்வளவு மனப்பாடமாக இருந்தாலும் சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படிப்பேன்.

“பிரதட்சணம் முடிஞ்சிதா? சுண்டல் உண்டா?” என்பான் கூடப் படித்தவன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் நான் முதன்முறை தனியாகப் பறக்க வேண்டிய நாள். முந்தின நாள் விமானத்துக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என் மீதே எரிச்சல் வருகிறது.

காலையில் சுற்றி வந்தபோது, இடது பக்கக் கதவுக்கு முன்னால் அழகாக ஒரு பொட்டு. அந்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் அதன் வழியாகத்தான் கருவிகளுக்குப் போகும். அது அடைபட்டால், எவ்வளவு உயரே போனாலும் தரையில் நிற்பதாகவே உயரமானி காட்டும். வேகமும் தப்பாகக் காட்டும். காய்ந்த சந்தனம் அதைக் கச்சிதமாக அடைத்திருந்தது.

பயிற்றுநரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தார். மேலே இருந்தது போயிற்று. மிச்சம் துளைக்குள் இறங்கிவிட்டது.

“சரியாயிடுச்சு. ஏறும்மா.”

“உள்ள போயிருச்சு சார். மெக்கானிக் பாக்கட்டும்.”

“அவர் நாளைக்குத்தான் வருவார். சாமிக்கு வெச்ச பொட்டு, ஒண்ணும் ஆகாது. பயமா இருந்தா பயம்னு சொல்லு. வீட்டுல மொதல்ல படிச்சு வர்றவங்க இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் புத்தகத்தைத் தூக்கிட்டு வருவீங்க. இன்னைக்கு ஏறலைன்னா இந்த மாசம் பறக்குறவங்க பட்டியல்ல உன் பேரே கிடையாது.”

“அப்ப நீங்க ஏறுங்க சார். நான் கீழ நின்னு பாக்கேன்.”

அவர் ஏறவில்லை.

விமானத்தின் பழுதுப் புத்தகத்தை எடுத்தேன். அதில் எழுதிவிட்டால் மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை யாரும் அதில் பறக்க முடியாது. ‘இடப்பக்கத் துளை சந்தனத்தால் அடைபட்டுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதிய வேகத்தில் தாள் கிழிந்தது.

மறுநாள் மெக்கானிக் குழாயைக் கழற்றிச் சந்தனத்தை வெளியே எடுத்தார். எனக்கு அதைக் காட்டினார். ஆனாலும் பயிற்றுநர் சொன்னதைச் செய்தார். பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டு, என் பதிவேட்டில் ‘தன்னம்பிக்கை போதாது’ என்று எழுதினார்.

இரண்டு நாள் ஊருக்கு வந்தேன். ராஜபாளையம் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து மாமா லாரியை நிறுத்தினார். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார்.

“நாஞ் சொன்னம்லா? பயந்து எறங்கிட்டா!”

அவர் லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி முழுக்கச் சந்தனம்.

“மாமா, பின்னால வாறவன் இதுல தெரியுதானா?”

“ஏட்டி, இருவது வருசமா ஓட்டுதேன்.”

“இருவது வருசமா எதுக்க வாறவனும் பின்னால வாறவனும் ஒதுங்கிப் போயிருக்கான்.”

அவருக்குக் கோபம். இருக்கட்டும். பயம் வேறு, பார்ப்பது வேறு என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? பார்க்காமல் ஏறுகிறவனைத் தைரியசாலி என்கிறார்கள். குனிந்து ஒரு துளையைப் பார்த்தவள் கோழையாம்.

பள்ளிக்குத் திரும்பியதும் தலைமைப் பயிற்றுநருக்குக் கடிதம் எழுதினேன். கிழிந்த அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்தேன். வேறொரு பயிற்றுநர் என்னைச் சோதிக்கட்டும், அந்தப் பதிவேட்டு வரி திருத்தப்படட்டும் என்று கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமைப் பட்டியலில், காலை ஆறு மணிக்கு நேராக, என் பெயரை நானே எழுதிவிட்டேன்.