திருப்போரூருக்கு ஒரு பனிப் படம்

என் பக்கத்து வீட்டுக்காரர் பெக்கா நான்கு வருடங்களில் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு உள்ளங்கையில் எழுதிவிடலாம். காலையில் "ஹுவோமெந்தா" என்பார். நானும் அதையே திருப்பிச் சொல்வேன். அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பின்லாந்தில் அண்டை வீட்டு உறவு இவ்வளவுதான், அதில் யாருக்கும் மனக்குறையும் கிடையாது. அப்படிப்பட்டவர் இந்த டிசம்பரில் ஒருநாள் வாசலில் நின்று, நனைந்து கறுத்துக் கிடந்த புல்தரையைப் பார்த்தபடி, "முஸ்தா" என்றார். கறுப்பு என்று அர்த்தம். வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் போல என்று நினைத்து நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். விசாரித்தால், பனி இன்னும் விழவில்லை என்பதுதான் மனிதருக்குத் துக்கம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது விளங்காது. பனி விழாவிட்டால் நல்லதுதானே, வழுக்கி விழ வேண்டாம், வாசலில் தள்ளிக் கொட்ட வேண்டாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இங்கே நவம்பர் வந்துவிட்டால் சூரியன் ஒன்பது மணிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்விடும். இடையில் இருக்கும் நேரத்தையும் மேகம் எடுத்துக்கொள்ளும். பனி விழுந்தால் தரை வெளுத்து, தெருவிளக்கு அதில் பட்டு ஊரே வெளிச்சமாக இருக்கும். விழாவிட்டால் மேலேயும் கறுப்பு, கீழேயும் கறுப்பு. நான் வேலை பார்க்கும் கப்பல் கட்டும் தளத்தின் கேன்டீனில் இந்த வருடம் பேச்சே வற்றிவிட்டது. செங்கல்பட்டில் ஐப்பசி மழை தள்ளிப்போனால் ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்களே, அந்த முகம்தான் எல்லோருக்கும்.

எனக்கென்ன வந்தது என்று இருந்திருப்பேன். ஆனால் இந்த வருடம் பெக்காவைவிட எனக்குத்தான் பனி அதிகம் தேவைப்பட்டது. என் மனைவி சுகந்தி நவம்பர் தொடக்கத்தில் திருப்போரூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போன குளிர்காலம் அவளை முடக்கிப் போட்டுவிட்டது. ஊரில் டீச்சராக இருந்து, வகுப்பு முழுவதையும் ஒரே முறைப்பில் உட்கார வைத்தவள், இங்கே சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, மத்தியானம் காபி குடிக்கும் நேரத்தில், "இன்னாங்க, ராத்திரி ஆயிடுச்சா?" என்று கேட்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், தினமும் காலையில் எதிரே உட்காரச் சொல்லி ஒரு வெளிச்ச விளக்கை எழுதிக் கொடுத்தார். நான் குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டி, கடை கடையாக ஏறி ஜாக்கெட்டாக வாங்கிக் குவித்தேன். ஜாக்கெட் போட்டுக்கொண்டும் அழுதாள். அதனால் இந்த வருடம் பனிக்காலம் முழுவதும் ஊரில் இருந்துவிட்டு மார்ச்சில் திரும்புவது என்று இரண்டு பேருமாகப் பேசி முடிவு செய்தோம்.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் புருஷன் இல்லாமல் தாய்வீட்டில் வந்து தங்கினால், முதல் மாதம் விசேஷமா என்பார்கள். அடுத்த மாதம் சண்டையா என்பார்கள். வேறு எந்தக் காரணமாக இருந்தாலும் தெருவுக்கு அத்தாட்சி வேண்டும். என் மாமியார் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிற ஊர் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். எதிர்வீட்டு டெய்லர் செல்வி அக்கா போனில் பின்லாந்தில் நாங்கள் இருக்கும் ஊரின் வானிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்க மழதான் பேஞ்சிகினு கீது, பனியே இல்லயே. இங்க மட்டும் மழ இல்லயா?" என்று கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்து மாமியாரின் போன் தினமும் தவறாமல் வந்தது.

"மாப்ள, அங்க பனி வுழுந்துச்சா?"

"இன்னும் இல்ல அத்த."

"இன்னா மாப்ள இது, பேஜாரா கீது. இங்கயும் மார்கழி பொறந்து ஃபேன் இல்லாம தூங்க முடியல. அங்கயும் பனி இல்லன்னா, கேக்கறவங்களுக்கு நான் இன்னாத்த சொல்றது?"

எனக்கும் உள்ளூர ஒரு பயம் பிடித்துக்கொண்டது. குளிருக்குப் பயந்து போனவள்தான், குளிர் வந்தால் கணக்கு நேராகிவிடும். குளிரே வராமல் இந்த வருடம் போய்விட்டால், சுகந்தி விட்டுப்போனது குளிரை இல்லை, என்னை என்று ஆகிவிடும். தெரு அப்படிப் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். நானே அப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டேன் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அதனால் தினமும் காலையில் பெக்காவிடம், "இன்றைக்கு லுமி வருமா?" என்று கேட்கத் தொடங்கினேன். லுமி என்றால் பனி. மனிதர் பூரித்துப் போய்விட்டார். வெயில் நாட்டுக்காரன் ஒருவன் தன்னைப் போலவே பனிக்கு ஏங்குகிறான் என்று எடுத்துக்கொண்டு, ஒரு மாலை தன் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளைத் துடைத்து எடுத்துவந்து, என் வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். மாமியாருக்காகக் கேட்கிறேன் என்று விளக்கும் அளவுக்கு எனக்கு ஃபின்னிஷ் வராது.

கிறிஸ்துமஸும் கறுப்பாகவே போனது. மாமியாரின் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. பொறுக்க முடியாமல், போன வருடம் எடுத்த பனிப் படம் ஒன்றைத் தேடியெடுத்து, இன்று எடுத்ததுபோல அனுப்பிவிட்டேன். எங்கள் வீடு, முன்னால் முழங்கால் அளவுக்குப் பனி, கூரையெல்லாம் வெள்ளை. ஒரு பொய்தான், யாருக்கும் கெடுதல் இல்லை என்று நிம்மதியாகக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சுகந்தி நான்கு தடவை அழைத்திருந்தாள்.

"பழைய போட்டோவையா அனுப்புனீங்க?"

"ஏன், தெரிஞ்சிடுச்சா?"

"செல்வி அக்கா பெருசு பண்ணிப் பாத்துச்சு. ஜன்னல்ல ஒரு பொம்பள நிக்கறாளாம். பொண்டாட்டி இங்க கீறா, மாப்ள வூட்ல நிக்கறது யாருன்னு தெருவுல வெச்சே கேட்டுச்சு. அம்மாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அது நான்தான்னு சொன்னேன். போன வருசத்து போட்டோன்னும் சொன்னேன். அங்க இன்னும் பனி வுழலன்னும் சொல்லிட்டேன். வேற இன்னா பண்றது?" என்றவள் கேட்டாள். "அந்த போட்டோவ நீங்க பாத்தீங்களா?"

"நான்தானே எடுத்தேன்."

"எடுத்தீங்க. பாத்தீங்களா?"

போனை வைத்த பிறகு செல்வி அக்காவைப் போல நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் சுகந்தி நின்றிருந்தாள். ஒரு கை கண்ணாடியில் இருந்தது. பனியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அன்றைக்கு வெளியே வா என்று கூப்பிட்டதும் அவள் வராததும் ஞாபகம் வந்தது. படத்தைப் போன வருடமே என் பக்கத்துச் சொந்தக்காரர்களின் குரூப்பில் போட்டிருந்தேன். எல்லோரும் சூப்பர் என்றார்கள். அவள் அதில் இருக்கிறாள் என்று ஒருவரும் சொல்லவில்லை, நான் உள்பட.

அதன் பிறகு பெக்காவிடம் லுமியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். வேலை விட்டு வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடி விளக்கைக்கூடப் போடாமல் இருந்தேன். சாதம் வடிக்கத் தோன்றவில்லை, ரொட்டியைக் கிள்ளித் தின்றுவிட்டுப் படுத்தேன். வீட்டுக்குள் ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்தது, குளிரே இல்லை. இருட்டுதான் இருந்தது. போன வருடம் அவளுக்கு நடந்தது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, வெட்கப்படாமல் சொல்கிறேன். ஒருநாள் அவளுடைய வெளிச்ச விளக்கை அலமாரியில் இருந்து எடுத்து, அதன் எதிரே உட்கார்ந்து காபி குடித்தேன். கல்யாணமான வருடம் மார்கழியில் இரண்டு பேரும் மாமல்லபுரம் போயிருந்தது ஞாபகம் வந்தது. கடற்கரையில் கடலை விற்கிற அம்மா மப்ளர் சுற்றியிருந்தார், ஊர்க்காரர்கள் குல்லாவும் ஸ்வெட்டருமாக நடந்தார்கள். நடுவில் வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வெயிலில் மல்லாந்து கிடந்தார்கள். "இன்னாங்க இவங்க, வத்தல் காயப் போட்ட மாரி படுத்துகினு கீறாங்க? இவங்க ஊர்ல வெயிலே இல்லயா?" என்று சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். விளக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என்னை அந்தக் கடலைக்கார அம்மா பார்த்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

புது வருடம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது அறைக்குள் வெளிச்சம் இருந்தது. எழுந்து பார்த்தால் பனி. பெக்கா அதற்குள் தன் புதுக் கட்டைகளை மாட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது மட்டுமில்லை, பல் தெரியச் சிரித்தார். ஷூவைக் காலில் நுழைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், வீடு முழுவதும் தெரியும்படி ஒரு படம் எடுத்தேன். எடுத்துவிட்டு யோசித்தேன். இதை அனுப்பினால் திருப்போரூரில் அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது, மார்ச் வரை நிம்மதியாக இருக்கலாம். அனுப்பாவிட்டால் தெரு பேசிப் பேசியே அவளை இங்கே துரத்திவிடும். எனக்கு அவள் வர வேண்டும். தெரு துரத்தி அவள் வர வேண்டாம். அனுப்பிவிட்டேன்.

மாமியார் உடனே குரல் பதிவு போட்டார். "நல்லா கொட்டிகினு கீது மாப்ள! இப்பவே செல்விகிட்ட காட்டிட்டு வரேன்!" சுகந்தியிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து அழைத்தாள்.

"இனிமே யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க," என்றாள்.

"ஆமா. நீ நிம்மதியா இருக்கலாம். மார்ச்சுக்கு டிக்கெட் பாக்கறேன்."

"மார்ச்சு வேணாம். பொங்கல் முடிச்சிட்டு வரேன்."

"அப்ப இங்க இருட்டாத்தான் இருக்கும் சுகந்தி."

"தெரியும். வெளிச்சம் வந்தப்புறம் வர்றதுக்கு நான் இன்னா டூரிஸ்டா? வந்து இருந்து பாக்கறேன். முடியலன்னா திரும்பிடுவேன். அப்ப யாருக்கும் போட்டோ அனுப்பிகினு இருக்காதீங்க."

அனுப்ப மாட்டேன் என்றேன். அவள் அதோடு விடவில்லை.

"போட்டோல உங்க கால் தடம் வூட்லேர்ந்து வெளிய வர்றது மட்டும்தான் இருக்குது. இன்னும் வெளியதான் நிக்கறீங்களா?"

"ஆமா."

"இம்மா நேரமாவா? உள்ள போங்க. நான் லைன்ல இருக்கேன்."

போனைக் காதில் வைத்தபடி நடந்தேன். காலுக்கடியில் பனி நெரியும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் திருப்போரூரில் அவள் போனை வைத்தாள்.