முறை இல்லாத வீட்டுப் பெண்

நான் வேலை செய்யும் மஸ்கட் பள்ளிக்கூடத்தின் முதல்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரவு உடையோடு வந்து இறங்கினார். இங்கே வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. அது எனக்குப் பழகிவிட்டது. இது பழகவில்லை. கட்டம் போட்ட தொளதொளப்பான பைஜாமா, காலில் கரடி முகம் வைத்த செருப்பு. வீட்டில் ஏதோ கெட்டது நடந்து, போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மைதானத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றேன். அவர் 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே வேன்கள் வந்தன. பிள்ளைகளும் இரவு உடையில்தான் இறங்கினார்கள். சிலர் தலையணையும் கொண்டுவந்திருந்தார்கள்.

வாசல் காவலர் சயீத் இந்த நாட்டுக்காரர். கொஞ்சம் இந்தி பேசுவார், நானும் கொஞ்சம் பேசுவேன். இரண்டு கொஞ்சத்தையும் சேர்த்து அவர் எனக்கு விளக்கினார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பற்று வருவதற்காக வருடத்தில் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்களாம். 'ஸ்பிரிட் வீக்' என்று பெயர். முதல் நாள் இரவு உடை. அடுத்த நாள் தலைமுடிக்குச் சாயம். அதற்கடுத்து எல்லோரும் நீலம். கடைசி நாள் இன்னொரு பள்ளியோடு கூடைப்பந்துப் போட்டி. எங்கள் ஊரில் பெண்கள் நைட்டியோடுதான் கடைக்கும் ரேஷனுக்கும் போகிறார்கள். அதற்கென்று யாரும் வாரம் ஒதுக்கவில்லை.

அந்த வாரம் எனக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. முந்தின நாள்தான் மனைவி லட்சுமி போன் செய்து, ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகள் தேவி இனிமேல் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். புத்தகப்பையைக் கவிழ்த்து அதில் கோழிக்குத் தவிடு கொட்டி வைத்துவிட்டாளாம். இதில் உறுதி தெரிந்தது.

காரணத்தைச் சொல்ல எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில், தோணிரேவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சில. குடும்பங்கள் பல. அதனால் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதைப் பாடு என்போம். கெட்டிக்காரன், சோம்பேறி என்ற கணக்கெல்லாம் கிடையாது. இன்று உனக்கு வெறும் சேறு, நாளை உனக்கும் நல்ல இடம். அந்த நாளையை நம்பித்தான் இன்று வெறுங்கையோடு வருகிறவன் சண்டை போடாமல் வீட்டுக்குப் போகிறான். முகத்துவாரம் மண் மூடி இறால் குறைந்தபின் நான் மஸ்கட்டுக்கு வந்தேன். ஏரியில் வலை கட்டாதவன் பாட்டிலிருந்து நீங்கிவிடுவான். நானும் நீங்கினேன். அது நியாயம்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விளையாட்டு வாத்தியார் வெளியூர்க்காரர். பெண்களுக்குக் கபடி அணி அமைத்தார். நன்றாக ஆடுகிற பெண்களாகப் பார்த்து எடுத்தார். இதைத்தான் அவர் செய்திருக்கக் கூடாது. எடுபடாத பெண்களின் தாய்மார்கள் மறுநாள் காலையில் வந்து, எங்கள் பிள்ளை என்ன குறைந்துபோனாள் என்று கேட்டார்கள். பனியன் எடுத்துக் கொடுத்ததும் வேன் வைத்துக் கொடுத்ததும் ஊர். ஆகவே ஊர் கூடியது. கபடிக்கும் பாடு முறைதான் என்று முடிவானது. வீட்டுக்கு வீடு, சீட்டுக் குலுக்கி. வாத்தியார் சில நாள் விளக்கிப் பார்த்தார். அப்புறம் சீட்டை அவரே மடித்துக் கொடுத்தார் என்று கேள்வி. அணி போன இடமெல்லாம் தோற்றது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

வாத்தியார் முதலில் எடுத்த பெண் தேவி. சீட்டில் எங்கள் வீடே இல்லை.

எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. மகளுக்காக ஊர்த் தலைவர் ஏழுமலைக்குப் போன் செய்தேன். அவர் லட்சுமியின் அண்ணன்.

"இன்னா மாப்ள, சாப்டியா? அங்க வெயிலு எப்டி கீது?"

"கீது மச்சான். தேவி வெளையாட்டு விசயமா..."

"ஆடுறா மாப்ள, நல்லா ஆடுறா. என் தங்கச்சி பொண்ணு, எனக்குத் தெரியாதா? ஆனா நீ பாட்டுல இல்லியே. பாட்டுல இல்லாத ஊட்டுக்கு இன்னா முறை?"

"வெளையாட்டுக்குக் கூடவா மச்சான்?"

"இன்னிக்கு வெளையாட்டுனு உட்டா, நாளைக்கு ஒருத்தன் வருவான். நல்லா வலை கட்டுறவனுக்குத்தான் நல்ல எடம்னு சொல்லுவான். அப்பால ஊரு பேஜாராப் பூடும்."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சரி மச்சான்" என்று வைத்துவிட்டேன்.

நீல நாளன்று, கூடைப்பந்து அணிக்கு எடுபடாத ஒரு பெண் எங்கள் சாமான் அறைக்குப் பின்னால் நின்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அதே பெண் முகமெல்லாம் நீலச் சாயம் பூசிக்கொண்டு, எடுபட்டவர்களின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை. நான் கோடு போடும் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். சயீத் வந்து, "உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்படி உண்டா?" என்று கேட்டார். "உண்டு, ஆனால் சீட்டுக் குலுக்கி" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என் மகளுக்கு என்ன பரிசு விழுந்தது என்று கேட்டார். எதுவும் விழவில்லை என்றேன். ஆறுதலாக ஒரு கை பேரீச்சம்பழம் கொடுத்தார்.

அன்று மாலை போனில் தேவியிடம் இந்த நீலப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். ஆடாதவர்களும் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள்தான் என்பது எனக்கு நல்ல கருத்தாகத் தெரிந்தது.

"அப்போ கத்துறதுக்காக நா இஸ்கூலு போணுமா நைனா?" என்றாள். "கணக்கு வரல. இங்கிலீசு வரல. எனக்கு வந்தது அது ஒண்ணுதான். அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருசம் எடுப்பாங்கனு கீது. எனக்கு எந்த வருசம்?"

நான் ஐந்தாவதோடு நின்றவன். நான் நின்றபோது என்னை இழுத்துப் பிடிக்க அந்தக் கட்டடத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பாடம் மட்டும் பிள்ளையைக் காலையில் எழுப்பி அனுப்பிவிடாது. அங்கே தனக்கு ஓர் இடம் இருக்கிறது, இன்று இல்லாவிட்டாலும் வரும் என்று அதற்குத் தோன்ற வேண்டும். பைஜாமா போட்டோ, சீட்டுக் குலுக்கியோ, எப்படியாவது. என்னைப் போல வெளியே வந்து பிள்ளைகளைப் போனில் வளர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நாம் அனுப்புவதில் புத்தகப்பை வாங்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு போவதற்கான ஆசையை அங்கேதான் யாராவது கொடுக்க வேண்டும்.

கொடுத்தது ஏழுமலையின் மகள் பிரியா. அடுத்த முறை அவர்கள் வீட்டுக்கு விழுந்திருந்தது. பிரியாவுக்குக் கபடி ஆகாது. பயிற்சியில் யார் காலைப் பிடித்தாலும் சிரித்துக்கொண்டே விழுந்துவிடுவாளாம். அடுத்த ஊர்க்கூட்டத்தில் நடுவில் போய் நின்றிருக்கிறாள்.

"எனக்குக் கூசுதுப்பா. என் முறைய தேவிக்கு உடுறேன்."

"ஏய், கம்முனு ஊட்டுக்குப் போ" என்றாராம் ஏழுமலை.

"ஏன், நீ ஒடம்பு சரியில்லன்னா உன் பாட்ட சித்தப்பாவுக்கு உடல? அது மட்டும் இன்னாவாம்?"

கூட்டம் சிரித்துவிட்டது. தன் முறையை இன்னொருவருக்கு விடுவது பாட்டில் செல்லும். ஆனால் விட்டவர் பெயரில்தான் வலை இறங்க வேண்டும். ஆகவே தேவி, பிரியா என்று முதுகில் எழுதிய பனியனோடு, பிரியா என்ற பெயரில் ஆடலாம் என்று ஊர் ஒப்புக்கொண்டது. தவிட்டை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுப் பையைக் கழுவிக் காயப்போட்டதாக லட்சுமி சொன்னாள்.

போட்டி திருப்பாலைவனம் பக்கத்து மைதானத்தில் நடந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தோற்றார்கள். மறுநாள் தேவி பள்ளிக்குப் போனாள். இன்றும் போகிறாள்.

ஆட்டம் நடக்கும்போதே லட்சுமி எனக்கு வீடியோ காலில் காட்டினாள். இங்கே பிள்ளைகளுக்கு இடைவேளை. நான் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். தேவி மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். ஊரே "பிரியா! பிரியா!" என்று கத்தியது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தன் பெயரைத் தானே கத்திக்கொண்டிருந்தவள், கோட்டுக்கு வெளியே நின்ற பிரியா. அவள் பக்கத்தில் ஏழுமலையும் கத்தினார்.

"ஸ்பீக்கர்ல கீது, நீயும் கத்து" என்றாள் லட்சுமி.

நான் பொது இடத்தில் சத்தம் போட்டதில்லை. தேவி என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஊர் ஒப்புக்கொண்டது நினைவு வந்தது. "பிரியா!" என்று கத்தினேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தப் பழகிய பிள்ளைகள். யார், எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் அவர்களும் எழுந்து நின்று "பிரியா! பிரியா!" என்றார்கள். அங்கே ஒரு ஊரும் இங்கே ஒரு பள்ளிக்கூடமும் என் மகளை வேறொரு பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பி, கூப்பிட்ட திசையைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.