நான் தூக்கிய ஒவ்வொரு முறையும்

மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டின் சிமெந்துத் தரை எப்போதும் சில்லென்றிருக்கும். கைக்குழந்தையான மகன் விழித்திருக்கும்போது, மனைவி பாயில் கம்பளி விரித்துக் குப்புறப் படுக்க வைப்பாள். அவன் சிணுங்கினாலே நான் தூக்கிவிடுவேன். “குளிர்ல போட்டு அழ வைக்கிறியே, ஒனக்கு மனசே இல்லையா?” என்று ஒருநாள் திட்டினேன். அதன்பிறகு அவள் விட்டுவிட்டாள். பிள்ளை தொட்டிலிலேயே கிடந்தான்.

கிளினிக்கில் குப்புறக் கிடத்தியபோது அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. “கழுத்து பலப்பட இப்படி போடச் சொன்னேனே, போடலையா?” என்று மிட்வைஃப் கேட்டார். நான் குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டேன்.

“மறந்துட்டேங்க மிஸ்” என்றாள் மனைவி.

இப்போது வேலை முடிந்து வந்ததும் நானே அவனைக் குப்புறப் போட்டு, எதிரே படுத்துக்கொள்கிறேன். சிணுங்கினால் தூக்காமல் பேச்சுக் கொடுக்கிறேன். தூக்கம் வந்தால் மல்லாக்கக் கிடத்திவிடுவேன். அவன் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்க்கிறான். என்னால்தான் மனைவியின் முகத்தை இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.