மாதா படம் போட்ட டப்பி

நான் அரியலூரில் நர்ஸ். ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்கு மறுநாள், கண் வீங்கிய கைக்குழந்தையோடு ஒரு தாய் ஓடிவந்தாள்.

"கண்ணுல என்ன பூசினீங்க?"

"மந்திரிச்ச தைலந்தான் சிஸ்டர். மாதா படம் போட்டிருக்கே."

டப்பியைத் திறந்தேன். முகம் வெளுக்கப் பூசும் வாசனை ஸ்னோ. உப்புநீரால் கழுவிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் குழந்தை விளக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திருவிழாவில் அதை விற்றவனை, அந்தத் தாய் சொன்ன அடையாளத்தை வைத்துச் சந்தையில் பிடித்துக் கேட்டேன்.

"படம் இல்லாட்டி யாரும்மா வாங்குவாங்க? நீங்களும் பூசுங்க, மாதா மாதிரி வெளுத்துடுவீங்க" என்று சிரித்தான்.

இவனுக்கு மாதா வெறும் லேபிள். விசுவாசத்தைக் காட்டி விலை பேசும் இந்தக் கூட்டத்தை நான் மன்னிப்பதாக இல்லை. இப்போது சோப்பு, பவுடர், ஊதுவத்தி எதுவானாலும், மாதா படம் இருந்தால் வாங்குவதில்லை. வார்டுக்கு வரும் தாய்மாரிடமும், "கும்பிடணும்னா படத்தை மட்டும் வாங்குங்க" என்கிறேன்.