இருபத்து மூன்று தக்காளியும் மீதி எட்டும்

சாஜிதா பேகம் டீச்சருக்கு வால்பாறை பஸ் என்றாலே வயிற்றைப் புரட்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கடந்து, ஒன்பது வருஷம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். தொண்ணூற்று நாலில்தான் ஒருவழியாகத் துடியலூர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது.

அந்த நிம்மதி நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கில் வந்து மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார், கணக்கு மோசம் என்று எழுதிவிட்டால் டீச்சர் மறுபடி மலையேற வேண்டியதுதான் என்று தலைமையாசிரியர் சென்னகேசவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்ன, வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

பழனியாத்தாள் என்ற பெண்தான் தலைவலி. மனக்கணக்கில் சூரப்புலி. ஆனால் இருபத்து மூன்றை ஐந்தால் வகுக்கச் சொன்னால் ஈவு மூன்று, மீதி எட்டு என்று எழுதிவைப்பாள். எட்டுக்குள் இன்னொரு ஐந்து இருக்கிறதே என்று டீச்சர் புளியங்கொட்டையை அடுக்கிக் காட்டினார், கோடு போட்டுக் காட்டினார், தொண்டை வறளக் கத்தினார். அவள் சமர்த்தாகத் தலையாட்டுவாள். அடுத்த கணக்கிலும் ஒன்று குறைத்தே எழுதுவாள். கெட்டிக்காரி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று மொத்த வகுப்பும் அவள் நோட்டைப் பார்த்து எழுதியது. மூன்று வாரம் இதே கதை. டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் சந்தைக்குப் போனார். அவர் வாடிக்கையாகத் தக்காளி வாங்குவது பழனியாத்தாளின் அம்மா சின்னத்தாயியிடம்தான். அன்று மகளும் கூட உட்கார்ந்து கூறு போட்டுக்கொண்டிருந்தாள். சாக்கின்மேல் ஐந்தைந்தாக மூன்று கூறு வைத்துவிட்டு, மிச்சம் எட்டுப் பழத்தை மடியில் ஒதுக்கிக்கொண்டாள். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்கண்ணு, இன்னொரு கூறு வெக்கலாமல்ல?"

"வெச்சா மூணுதானுங்க டீச்சர் மிச்சம் நிக்கும். கூறுக்கு ரெண்டு கொசுறு போடோணுமுங்க. பத்தாதுங்க."

அஞ்சு பழத்துக்கு ரெண்டு கொசுறா, எந்த ஊர் நியாயம், யார் அப்படிக் கேட்கிறார்கள் என்று டீச்சர் சீறினார். பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சின்னத்தாயிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"முன்னெல்லாம் ஒண்ணுதானுங்க. நீங்க வந்து ரெண்டு கேட்டு வாங்கறதப் பாத்துப்போட்டு, இப்ப எல்லாருமே ரெண்டு கேக்கறாங்க."

அன்று டீச்சர் கொசுறு கேட்காமல் வீட்டுக்கு நடந்தார். மறுநாள் காலை பழனியாத்தாளைக் கூப்பிட்டு, நோட்டில் யாரும் கொசுறு கேட்கமாட்டார்கள், வைக்க முடிந்த கூறையெல்லாம் வைத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரக் கத்தலும் வீண்.

வெள்ளிக்கிழமை அதிகாரி முப்பத்தெட்டு தக்காளியை ஆறு பேருக்குப் பங்கு போடச் சொன்னார். பழனியாத்தாள் கரும்பலகையில் ஈவு ஆறு, மீதி இரண்டு என்று மளமளவென்று எழுதினாள். அவருக்கு ரொம்பத் திருப்தி. அந்த மீதி ரெண்டை என்ன செய்வாய் என்று விளையாட்டாகக் கேட்டார்.

"அது டீச்சருக்குங்க."

டீச்சர்மேல் எவ்வளவு பாசம் என்று மெச்சிக்கொண்டே அதிகாரி பதிவேட்டில் 'மிக நன்று' என்று எழுதினார். மலை தப்பியது. சாஜிதா பேகம் மட்டும் வகுப்பைத் திரும்பிப் பார்க்காமல், துடைத்த கரும்பலகையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.