காணாமல் போன சுண்ணாம்புக் கோடு

எங்கள் நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் அந்தக் காலத்தில் கேமரா வைத்திருந்தவன் பாதிக் கலைஞன். அது ரஷ்யக் கேமராவாக இருந்தால் முழுக் கலைஞன். அனல்மின் நிலையத்தில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு ரஷ்ய எஞ்சினியர் விற்றுவிட்டுப் போனது என் கைக்கு வந்தது. செங்கல் கனம் கனக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் போட்ட ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டவள் என் மனைவி ஒருத்திதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மனமகிழ் மன்றத்துக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தும் ஆசை வந்தது. சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிவைத்த மேட்டுக்குக் கீழே தரையை நிரவி, ஓடுபாதை என்று பெயர் வைத்தார்கள். படம் எடுக்க என்னைவிட்டால் வேறு யார்? தலைமை விருந்தினருக்கு மாலை, அவர் மனைவிக்கு மாலை, மாலை போட்டவர்கள் தனித்தனியே அவரோடு நிற்பது என்று பந்தயம் தொடங்கும் முன்பே ஒரு பிலிம் சுருள் தீர்ந்தது. வண்டி ஓட்டுகிறவர்களையும் எடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர்தான் முன்னால் வந்தார்கள். ஒருவன் பெரிய அதிகாரி ஒருவரின் மகன். பளபளக்கும் புது வண்டி. இன்னொருவன் கம்மாபுரம் பக்கத்து ஆள், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. மச்சானிடம் இரவல் வாங்கிய பழைய புல்லட். அவன் குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. "இந்த மேட்டுல எங்க கொல்லை மண்ணும் கெடக்குது சார். அதனால கப்பு எனக்குத்தான்," என்று காலையில் சிரித்துக்கொண்டே சொன்னான். விளையாட்டாகச் சொன்னாலும், அந்தக் கோப்பையை அவன் எடுத்துக்கொண்டு வருவதைப் பார்க்க ஒரு டிராக்டர் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தான்.

ஓடும் வண்டியை எடுக்க ஒரு வித்தை உண்டு. வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே பொத்தானை அமுக்க வேண்டும். வண்டி தெளிவாக விழும். சுற்றியுள்ளதெல்லாம் கலைந்து இழுபடும். பார்ப்பவருக்கு வேகம் தெரியும். சேத்தியாத்தோப்பு பஸ்களை எடுத்து எடுத்து இதைப் பழகியிருந்தேன். முடிவிடத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு நேரே நின்று, இருவரும் வரும்போது உடம்பைத் திருப்பி அமுக்கினேன். அமுக்கும் அந்த நொடியில் மட்டும் கேமராவுக்குள் கண்ணுக்கு எல்லாம் இருட்டிவிடும். ஆக, எல்லோரையும்விட அருகில் நின்ற நான் எதையுமே பார்க்கவில்லை.

நடுவர்கள் பார்த்திருப்பார்களே என்பீர்கள். அவர்கள் அந்த நேரம் தலைமை விருந்தினரின் கையில் கொடியைச் சரியாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பும் கத்தியது. "போட்டோ வந்ததும் முடிவு," என்று மன்றச் செயலாளர் மைக்கில் அறிவித்தார்.

சுருள் கழுவுவதற்குக் கடலூர் போனது. அதுவரை நான் ராஜா. கேண்டீனில் எனக்கு யார் யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். என் மேலதிகாரி தோளில் கை போட்டு, "படம் சரியா வரலேன்னாலும் ஒண்ணும் குத்தமில்லப்பா," என்றார். என்ன கரிசனம்! அந்தப் புல்லட்காரன் மட்டும் ஷிப்ட் முடிந்து, முகம் முழுக்கக் கரியோடு, என் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திக் கேட்பான்: "வந்துச்சா சார்?"

வந்தது. அற்புதமாக வந்தது. அவன் பல்லைக் கடித்திருப்பதுகூடத் தெரிந்தது. அவனுடைய முன்சக்கரம் மற்றவன் சக்கரத்தைவிட ஒரு சாண் முன்னால் இருந்தது. சுண்ணாம்புக் கோடுதான் இல்லை. என் வித்தையில் அது கரைந்துபோயிருந்தது. ஒன்றும் தெரியாதவன் போலக் கேமராவை ஆட்டாமல் பிடித்திருந்தால் கோடு பளிச்சென்று விழுந்திருக்கும்.

கமிட்டி கூடியது. "இது கோட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா? அத்தாட்சி எங்க?" என்றார் செயலாளர். அத்தாட்சி இல்லாததால் கோப்பை அதிகாரி மகனுக்குப் போனது. அவன் ஜெயித்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அதே மன்றம் புகைப்படப் போட்டி நடத்தியது. அதே படத்துக்கு முதல் பரிசு. "என்னா வேகம்!" என்று அதே செயலாளர் மேடையில் மெச்சினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் கோப்பையை வாங்கிக்கொண்டேன், கலைஞன் அல்லவா.

தன் படத்தைக் காட்ட மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புல்லட்காரன் வந்திருந்தான். நான் இறங்கியதும் அருகில் வந்தான்.

"ஒரு தபா குடுங்க சார், புடிச்சிப் பாக்கறேன்."

கொடுத்தேன். கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குடும்பத்தோடு சுவரோரம் போய் விறைப்பாக நின்றான்.

"இப்ப ஒரு போட்டோ எடுங்க. நாங்க அசையாம நின்னுகினு இருக்கறோம். நீங்களும் அசையாதீங்க சார்."